செவ்வாய், வெள்ளி தவிர

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் எந்தப் பானையில் சோறு பொங்கினாள், எந்தப் பக்கமாகச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பானையின் அடியில் புகை எங்கே அதிகம் படிந்திருக்கிறது, விளிம்பில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இதற்குத்தான். போன மாதம் என் மகள் வெளிநாட்டிலிருந்து ஃபோனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

"அம்மா சந்தோஷமா இருந்தாங்களாப்பா?"

"இருந்தா, இருந்தா" என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தேன்.

அவள் அதைக் கேட்டதற்குக் காரணம், வீடு காலி செய்யும் பேச்சு. எங்கள் குடியிருப்பு அடையாறில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. இடித்துவிட்டு உயரமாகக் கட்டப் போகிறார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒன்பது வீடு ஏற்கெனவே காலி. மாடிப்படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால், அது என் வீட்டுக்கு இல்லை என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ராயப்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்துவிட்டேன். இங்கே உள்ள சாமானில் கால்வாசிகூட அங்கே கொள்ளாது. "அம்மாவோட சாமான் எல்லாம் என்ன செய்யப் போறீங்க?" என்று ஆரம்பித்துத்தான் மகள் அந்தக் கேள்விக்கு வந்தாள்.

என் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நாற்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். உண்மையில் வருஷத்தில் ஐந்து மாதம் நான் அகழாய்வு முகாமில் கிடப்பேன். தெற்கே ஏதாவது ஓர் ஆற்றங்கரை மேடு, கூடாரம், பானை ஓடு. பொங்கல் முடிந்து போனால் வெயில் கொளுத்தித் தள்ளி, இனி தோண்ட முடியாது என்றான பிறகுதான் திரும்புவேன். மீதி ஏழு மாதம் அந்த ஓடுகளைக் கழுவி, எண் போட்டு, படம் வரைந்து, அறிக்கை எழுதும் வேலை. பானை ஓடுகளில் அந்தக் காலத்து ஆட்கள் ஆணியாலோ எதனாலோ கீறி வைத்த குறிகள் இருக்கும். ஏணி மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று, சும்மா ஒரு கோடு, இரண்டு கோடு. அவற்றின் பொருள் யாருக்கும் முழுசாகத் தெரியாது. நான் அந்தக் கீறல்களில்தான் என் ஆயுளைக் கழித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வீட்டிலேயே மேஜை போட்டு, எல்லாக் குறிகளையும் தொகுத்து ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் கஞ்சி பற்றித் தெரியும். என் வீட்டுப் பெண் அந்த ஐந்து மாதமும் தனியாக என்ன செய்தாள் என்று தெரியாது. கேட்டதில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்து பையை வைத்ததும் "எல்லாம் சரியா இருக்கா?" என்பேன். "இருக்கு" என்பாள். ஒரு பருவத்து விசாரணை அதோடு முடிந்துவிடும்.

மகளிடம் பேசிய மறுநாள் காலை சமையலறை அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். டப்பாக்களை எடுத்து வைத்தபின் தட்டில் விரித்திருந்த காகிதம் தெரிந்தது. மாதக் காலண்டர் தாள். ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் வருஷப் பிறப்புக்குக் கொடுப்பார்களே, பெரிய பெரிய எண்ணாக, அந்த மாதிரி. போகிக்குப் போகி அவள் அலமாரித் தட்டுகளில் புதுத் தாள் விரிப்பாள். முடிந்துபோன வருஷத்தின் பன்னிரண்டு தாள்தான் அந்தப் புதுத் தாள். தேதிப் பக்கம் கீழே, மறுபக்கம் மேலே. இது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது என்னவென்றால், பழைய தாளை அவள் எடுக்கவே இல்லை. அதன் மேலேயே விரித்திருக்கிறாள். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு விரல் தடிமனுக்கு இருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் மண்ணடுக்கு பார்த்தவனுக்கு ஓர் அடுக்கைக் கண்டால் எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நடுவில் யாரும் குழி பறித்துக் கலைக்காதவரை இதை நம்பலாம். அவசரப்பட்டு உருவக் கூடாது. எது எதன் மேல் இருந்தது, எந்தத் தட்டில் இருந்தது என்று எழுதிக்கொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். இடம் தெரியாத பொருள் அநாதை. எத்தனையோ நல்ல பொருள்களை ஊர்க்காரர்கள் ஆசையாகத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள், எங்கே கிடைத்தது என்று கேட்டால் அங்கேதான் எங்கேயோ என்பார்கள். எனக்கு அழுகை வரும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து தட்டுகளுக்கு எண் கொடுத்தேன். சமையலறையில் ஆறு, உக்கிராண அறையில் நான்கு, படுக்கையறை அலமாரியில் இரண்டு. தோசைத் திருப்பியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். மூன்று நாள் ஆயிற்று. சாப்பாட்டுக்கு மட்டும் மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் போய்வருவேன். அங்கே பரிமாறுகிறவர் "ரசமா, மோரா?" என்று கேட்பார். சில நாள் அது ஒன்றுதான் ஒரு மனுஷர் என்னிடம் கேட்கிற கேள்வி.

தாள்களின் தேதிப் பக்கத்தில் அவள் எழுத்து இருந்தது. பென்சில் எழுத்து. பெரும்பாலானதைப் படிப்பது சுலபம். சிலிண்டர் வந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். தண்ணீர் லாரி வந்த நாளில் "த". மகளுக்குப் பரீட்சை, தடுப்பூசி, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. மகள் வளர வளர தாள்களும் வளர்ந்தன. ஒரு தாளில் "விமானம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். மகள் படிக்கப் போன நாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஒரு புதுக் குறி ஆரம்பித்தது.

தேதிக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன சாய்கோடு. அவ்வளவுதான். எழுத்தும் இல்லை, விளக்கமும் இல்லை. சில நாளில் இருந்தது, சில நாளில் இல்லை. அதற்கு முந்திய தாள்கள் எதிலும் கிடையாது.

வாழ்நாள் முழுக்க யார் யாரோ கீறியதைப் படிக்கப் பார்த்தவன் நான். கடைசியில் என் சமையலறையிலேயே ஒரு கீறல். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மகள் கேட்டதற்குப் பதில் இந்தக் கோட்டில் இருக்கிறது என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அவள் எனக்குச் சொல்லாமல் வருஷக்கணக்காக வைத்திருந்தது இது ஒன்றுதானே.

முறைப்படி ஆரம்பித்தேன். ஒரு குறிக்குப் பொருள் தெரியாவிட்டால் அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பரணிலிருந்து என் முகாம் நாட்குறிப்புகளை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பிடி கிடைத்தது. நான் முகாமில் இருந்த மாதங்களில் கோடுகள் நெருக்கமாக இருந்தன. பிப்ரவரியில் ஏறக்குறைய எல்லா நாளும். நான் திரும்பி வந்த மாதங்களில் குறைவு. ஒன்றிரண்டு அங்கங்கே இருக்கத்தான் செய்தன. அவற்றை விதிவிலக்கு என்று ஓரமாக எழுதிவைத்தேன். நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த வருஷத்தைப் புரட்டினேன். கோடுகள் நின்றுவிட்டன. அதற்கு அடுத்த வருஷமும் ஏதோ மாதத்துக்கு ஒன்று, இரண்டு.

அன்று சாயங்காலம் நான் அழுதேன். வருத்தத்தில் அல்ல, சந்தோஷத்தில். நான் இல்லாத நாட்களை அவள் குறித்து வைத்திருக்கிறாள். வாய் திறந்து ஒரு நாள்கூட "போகாதீங்க" என்று சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாளையும் கோடு போட்டுக் கழித்திருக்கிறாள். நான் வந்ததும் கோடு போட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள். "அம்மா இவ்வளவு மிஸ் பண்ணாங்களா உங்களை?" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இரண்டு நாள் சாப்பாடு மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் இதை விட ஆபத்தான நேரம் கிடையாது. முதல் சான்று நம் ஆசைக்கு ஒத்துப்போகிற நேரம். புதிதாகச் சேரும் ஆட்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் மேல் அடுக்குகளுக்கு வந்தேன். பெருவெள்ளம் வந்த வருஷத்துத் தாள் கிடைத்தது. டிசம்பர் முதல் வாரத்துக் கட்டங்களில் "தண்ணி", "கரண்ட் இல்லை", "பால் இல்லை" என்று வரிசையாக எழுதியிருந்தாள். மேட்டில் வெள்ளப் படிவு கிடைத்தால் நாங்கள் கொண்டாடுவோம். அதற்கு முன், அதற்குப் பின் என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ளலாம். இதிலும் அப்படித்தான் பிரிந்தது. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் கோடைக்குள் கோடுகள் மறுபடி வந்துவிட்டன. அதுவும் கொஞ்சமாக அல்ல. முகாம் காலத்துக்குச் சமமாக. அந்த வருஷங்களில் நான் எங்கேயும் போகவில்லை. இதே வீட்டில், பத்தடி தூரத்தில், மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

என் கோட்பாடு சரிந்தது. ஆனாலும் பழகிய தொழில் ஆளை விடுமா. பிடிவாதமாக மறுபடி பார்த்தேன். ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், சனி என்று கோடு இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் காலி. வருஷக்கணக்காக அப்படியே.

செவ்வாய், வெள்ளி. வேறென்ன, அம்மன் நாள். விளக்குப் பூஜை, விரதம், ஏதோ வேண்டுதல். மற்ற நாளில் ஜபம் செய்து கோடு போட்டிருப்பாள், அந்த இரண்டு நாள் கோயிலோடு சரி. நோட்டில் "சடங்கு சார்ந்த குறி" என்று எழுதினேன். எங்கள் முகாம்களில் பழைய கேலி ஒன்று உண்டு. என்னவென்றே தெரியாத பொருள் கிடைத்தால் சடங்குப் பொருள் என்று எழுதிவிடு, யாரும் மறுக்க முடியாது என்பார்கள். குழந்தை விளையாடிய மண் பொம்மையைத் தெய்வம் ஆக்கியிருக்கிறோம், பானை மூடியைப் பூஜைத் தட்டு ஆக்கியிருக்கிறோம். எழுதும்போது அந்தக் கேலி நினைவுக்கு வந்தது. வந்தும் எழுதினேன். வேண்டுதல் என்றால் எனக்குப் பாதகமில்லை என்பதும் ஒரு காரணம்.

ஆனால் அது எனக்கே பொருந்தவில்லை. அவள் அப்படிப்பட்ட பக்தை இல்லை. தி.நகரில் ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள். தெற்கேயிருந்து வந்து கடை வைத்த குடும்பம். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார், கடைப் பையன்கள் என்று நாள் முழுக்கப் பதினைந்து பேர் ஏறி இறங்குகிற வீடு. பதினாறாம் நாள் காரியத்தன்று அவளுடைய பெரியண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ வாய் ஓயாது மாப்ளே. கீழ கடையில சேலை எடுக்க வந்தவங்களுக்குக்கூட மாடியில அவ பேசறது கேக்கும்" என்றார். தலையாட்டினேன். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் அறிந்தவள் காபியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். நான் ஒரு குறியை வரைந்துகொண்டிருப்பேன். கவனம் சிதறக் கூடாதென்று இடது கையை உயர்த்துவேன், 'ஒரு நிமிஷம்' என்கிற மாதிரி. நிமிர்ந்து பார்க்கும்போது அவள் போயிருப்பாள். காபி ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை தாள்களையெல்லாம் கூடத்தில் வருஷவாரியாகப் பரப்பி வைத்திருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நான் ஓய்வு பெற்ற வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். முன்பு ஆற்றோரக் குடிசைப் பகுதியில் இருந்தார், கூப்பிடு தூரம். வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிக்கு அவர்களை மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"இன்னா சார் இது, காயிதத்த எல்லாம் பரப்பி வச்சிகினு கீறீங்க? நான் எங்க பெருக்கறது?"

"பெருக்க வேணாம்மா. மிதிக்காம ஓரமா வா."

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாள்களுக்கு நடுவில் கால் வைத்து வந்தார். "அம்மா தட்டுல போடுமே, அந்தக் காலண்டரா? அய்ய, இத்த போயி உரிச்சிக்கினு." குனிந்து ஒரு தாளைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். "அம்மா கோடு."

இறந்தவர்களோடு மட்டுமே வேலை செய்து பழகியவன் நான். எங்கள் சாட்சிகள் யாரும் உயிரோடு இருப்பதில்லை. அதனால் யாரையும் கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை. வாரம் இரண்டு முறை இந்த வீட்டுக்குள் வந்துபோகிற ஒருவர் இருக்க, தோசைத் திருப்பியை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

"இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா. பேசாத நாளு."

"என்னது?"

"யாரும் பேசாத நாளு சார். அன்னிக்கு வூட்ல ஒருத்தரும் அம்மாகிட்ட பேசலன்னா ஒரு கோடு போட்டுடும். ஃபோனு கணக்குல வராது. மூஞ்சியப் பாத்து பேசணும்ன்னும். நானே ரெண்டு மூணு போட்டுக்கீறேன். கையெல்லாம் மாவா கீது, நேத்திக்கு ஒண்ணு விட்டுப்போச்சு, நீ போடுன்னு சொல்லும்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனிக்காமல் அடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல ஞாபகத்தில் திளைக்கிற முகம் அது.

"கோபமா போடுவாளா?"

"கோவம் இன்னா கோவம். சிரிச்சிக்கினேதான் போடும். 'சாரு நேத்திக்கு வாயத் தொறந்தாரு, காபில சக்கர கம்மின்னாரு, அத்த பேச்சுல சேக்கலாமா, வாணாமா'ன்னு என்னியக் கேக்கும். நான் வாணாம்மான்னுவேன். செரின்னு போட்டுடும்."

செவ்வாயும் வெள்ளியும் ஏன் காலி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, எதிரில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளத்துக்கு முன்னால் தினமும் வந்தார், கோடு இல்லை. வீடு மாறிய பிறகு வாரத்தில் இரண்டு நாள்தான் வர முடிந்தது, மீதி ஐந்து நாள் கோடு. நான் ஓய்வு பெற்று வந்ததால் கோடுகள் நின்றன என்று அழுதேனே, அது அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம். நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தது அந்தக் காலண்டரில் ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. முகாமில் இருந்தாலும் சரி, மேஜையில் இருந்தாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான்.

விதிவிலக்கு என்று ஓரமாக எழுதிவைத்திருந்தேனே, நான் வீட்டில் இருந்த மாதங்களில் அங்கங்கே இருந்த கோடுகள், அவைதான் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. நான் ஒதுக்கிவிட்டேன். முதல் வருஷ மாணவன் செய்தால் திட்டியிருப்பேன்.

எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. பிறகு அந்த உயர்த்திய இடது கை நினைவுக்கு வந்தது. எப்போது சொல்வாள்?

இப்போது அந்த வேதனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் மோசம். ஒன்றரை வருஷமாக நான் இந்தக் கூடத்தில் அதைத்தான் அனுபவிக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் வருமா என்று திங்களும் வியாழனும் காத்திருக்கிறேன். என்னைப் போல அவளும் தனியாக இருந்து அதை அனுபவித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தடி தூரத்தில் ஓர் ஆள் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க அதை அனுபவித்திருக்கிறாள்.

"கடைசி வருஷத்து காலண்டர் இதுல இல்லையேம்மா" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்கிற தொழில் புத்தியாக இருக்கலாம். தண்டனையை முழுசாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கலாம்.

"அது எங்க தட்டுக்கு வந்துச்சு? அம்மா படுத்தப்போ கட்டிலாண்ட ஆணி அடிச்சி நான்தான் மாட்னேன். இன்னும் அங்கியேதான் கீது. நீங்க மேல சட்ட மாட்டி வச்சிக்கீறீங்க."

படுக்கையறைக்குப் போய் அந்த ஆணியிலிருந்து என் சட்டைகளை எடுத்தேன். மூன்று சட்டைக்குப் பின்னால் காலண்டர் இருந்தது. நவம்பர் காட்டிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஜனவரியிலிருந்து பார்த்தேன். கோடு, கோடு, செவ்வாய் காலி, கோடு, கோடு, வெள்ளி காலி. ஜூலை வரை அப்படித்தான். ஜூலைக் கடைசியில் அவள் படுத்துவிட்டாள். ஆகஸ்ட் தாளில் ஒரு கோடுகூட இல்லை. செப்டம்பரிலும் இல்லை. அக்டோபரிலும் இல்லை.

கை எழும்பியிருக்காது, பாவம், என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்துவிட்டு விட்டிருப்பேன். இந்தத் தடவை விடவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் கா, ம, இ என்று சின்னதாக எழுதியிருந்தது. காலை, மதியம், இரவு. மாத்திரை சாப்பிட்டதும் அவளே குறித்துக்கொள்வாள்; என் மறதியை நம்ப மாட்டாள். எழுத்து கோணலாக இருந்தது, ஆனால் அவள் எழுத்து. அதே பென்சில். நவம்பரில் போவதற்கு ஐந்து நாள் முன்பு வரை எழுதியிருக்கிறாள். பென்சில் கையில் இருந்திருக்கிறது, கட்டமும் எதிரில் இருந்திருக்கிறது. ஆனாலும் கோடு போடவில்லை. இவர் வந்தது அப்போதும் செவ்வாயும் வெள்ளியும்தான். வேறு யாரும் வரவில்லை.

"ஏம்மா, படுத்தப்புறம் இந்தக் கோடு போடறதை விட்டுட்டாளா?"

"வுட்டுடுச்சின்னு இல்ல சார். வேல இல்லாம பூட்ச்சு. நீங்கதான் தெனம் பக்கத்துல குந்திகினு பேப்பரு படிச்சிகினு இருந்தீங்களே, சத்தமா."

ஆமாம், படித்தேன். படுத்துக்கொண்டு கண்ணாடி போட்டால் அவளுக்குத் தலை வலித்தது. அதனால் காலையில் காபிக்குப் பிறகு ஒரு பத்து நிமிஷம் நான் படித்துக் காட்டுவேன். ஆசையாகச் செய்தேன் என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். பட்டியல் வேலை நிற்கிறதே என்று மனதுக்குள் அரித்துக்கொண்டுதான் இருக்கும். எங்கே மின்தடை, எந்தச் சாலையில் பள்ளம், இரங்கல் விளம்பரம். இரங்கல் விளம்பரத்துப் படங்களை நீட்டிக் காட்டச் சொல்வாள். "இவர் கல்யாணத்தன்னிக்கு எடுத்த படத்தைப் போட்டிருக்காங்க பாருங்க" என்று சிரிப்பாள். ஒரு தடவை ஆரம்பித்தால் விடமாட்டாள், அந்த ஆளின் மருமகள் வரை கதை கட்டுவாள். நான் "அப்படியா தெரியுது உனக்கு?" என்பேன். அவ்வளவுதான் நான் பேசியது. வியாதியில் மனுஷி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அவளுடைய அண்ணன் சொன்ன பெண் அவள்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வேலைக்கு வரும் அம்மா பயந்துவிட்டார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார், தாள்களை மிதிக்காமல்.

"அழாதீங்க சார். அம்மா சந்தோஷமாத்தான் போச்சு."

"நாலு மாசம்மா" என்றேன். "நாற்பத்தொரு வருஷத்துல நாலு மாசம்."